கடலுக்கு அடங்கல் எழுதுவோம்

(மன்னார் வளைகுடாக் கரையோர மீன்பிடித் தொழிலாளர்களும், பாசி எடுக்கும் பெண்களும், மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், வட்டார உயிர்வளக் கண்காணிப்பு ஸ்தாபனம் ஒன்றை அமைப்பது பற்றி நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் கூடியிருப்பது டீசல் மானியத்துக்காக அல்ல. தடைக்கால நிவாரணத்துக்காகவும் அல்ல. அவையெல்லாம் அவசரமான கோரிக்கைகள்தாம். அவற்றுக்காக நாம் தெருவில் நிற்கத்தான் போகிறோம். ஆனால் எந்தக் கோரிக்கையோடு போனாலும், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் ஒரே ஒரு கேள்வியைத்தான் நம்மிடம் வீசுகிறார். "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் என்ன?" என்கிறார். நாம் வாயால் சொல்கிறோம்; அவர் காகிதத்தை எடுத்துக் காட்டுகிறார். வாய்க்கும் காகிதத்துக்கும் நடக்கும் சண்டையில் ஜெயிப்பது எது என்று உங்களுக்குத் தெரியும்.

நிலத்துக்கு அடங்கல் உண்டு. எந்த சர்வே நம்பரில் எந்தப் போகத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்பதெல்லாம் அதில் ஏறும். 1969ஆம் ஆண்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தபோது, தன் பெயரைப் பதிவு செய்துகொண்ட குத்தகை விவசாயிக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக உழுதும் ஏட்டில் பெயர் ஏறாதவன், மிராசுதாரின் வாய்ச்சொல்லை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பதிவுக்காக ஊர் ஊராக நடந்த கதையை எங்கள் மூத்த தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிலத்தில் அது நடந்தது. கடலுக்கு அடங்கல் எங்கே? எந்தப் பாரில் எந்தப் பருவத்தில் என்ன உயிர் இருந்தது, யார் அதை எடுத்துப் பிழைத்தார்கள் என்று எழுதிய ஏடு யாரிடம் இருக்கிறது?

கணக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கு இருக்கிறது, ஜனங்கள் கையில் இல்லை என்பதுதான் விஷயம்.

எண்ணியவர்கள் யார், எதற்காக?

இந்தக் கடலை முதலில் ஏட்டில் ஏற்றியவர்கள் வெள்ளைக்கார சர்க்காரின் அதிகாரிகள். முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் சர்க்காரின் ஏகபோகம். எந்தப் பாரில் எவ்வளவு சிப்பி முற்றியிருக்கிறது என்று சோதித்துப் பார்த்துத்தான் குளிப்புக்கு உத்தரவு போட்டார்கள். அந்தக் கணக்கு கஜானாவுக்காக எழுதப்பட்ட கணக்கு. மூச்சடக்கி மூழ்கியவனின் காது கிழிந்ததும், சுறா கடித்ததும் அதில் வரவும் அல்ல, செலவும் அல்ல. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பிறகு சிப்பி போன வழியும் தெரியவில்லை, கணக்கு போன வழியும் தெரியவில்லை என்று வயதானவர்கள் சொல்வார்கள்.

சுதந்திரத்தை ஒட்டி, 1947இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1949 முதல் அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971இல் கொச்சிக்குப் போயிற்று. இறங்குதளங்களில் நின்று, நாளும் படகும் முறை வைத்துத் தேர்ந்தெடுத்து, பிடிபட்ட மீனை எண்ணி எழுதும் வேலையை அவர்கள் பல பத்தாண்டுகளாக இடைவிடாமல் செய்து வருகிறார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்க வேண்டும். விஞ்ஞானி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு; அது சரியல்ல.

பவளப் பாறையின் விஷயத்தைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டுக் கோடையில் கடல் சூடேறி நம் பாறைகள் வெளுத்தன. உயிருள்ள பவளம் பாறைப் பரப்பில் சுமார் 39 சதவிகிதமாக இருந்தது, சுமார் 23 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்ல முடிந்தது. எப்படிச் சொல்ல முடிந்தது? அதற்கு முன்பே பல வருஷங்களாக அதே தீவுகளுக்குப் போய், மூழ்கி, அளந்து வைத்திருந்தார்கள். வெளுத்த பிறகு ஓடிப்போய்ப் பார்த்திருந்தால் "நிறையச் செத்திருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு இருக்கிறதே, அது 1969இல் சுமார் 20 ஹெக்டேர். 2015இல் 2 ஹெக்டேர்கூட இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி விற்றதன் பலன் அது. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. பழைய அளவு கையில் இருந்ததால்தான் இன்று குற்றத்தைக் குற்றம் என்று நிரூபிக்க முடிகிறது.

ஆக, கணக்கு எடுக்கிறார்கள். ஆனால் மீன் கணக்கு ஓர் அலமாரியில். பவளக் கணக்கு இன்னோர் அலமாரியில். ஆமையும் ஆவுளியாவும் வனத்துறையின் அலமாரியில். மாசுக் கணக்கு வேறொரு வாரியத்தில். எல்லாம் இங்கிலீஷில். கடலிலே தினம் நிற்கிறவனுக்கு இதில் ஒரு தாளும் வந்து சேருவதில்லை. அவனுக்குத் தெரிந்ததும் அந்த அலமாரிகளுக்குப் போய்ச் சேருவதில்லை. மலையாளக் கரைக்கே உரியது என்று இருந்த மத்திச் சாளை, 1990களிலிருந்து நம் கரையிலும் பெருவாரியாகப் படத் தொடங்கியது. எந்த மாதம், எந்த ஊரில், எந்த வலையில் முதலில் பட்டது? அதைப் பார்த்த கண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. எழுதி வைக்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

ஏடு இல்லாதவன் தலையில் பழி

1986இல் இங்கே 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. தீவுகளையும் பாறைகளையும் காக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அவை அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது நாம். ஆனால் காவல் இறுகியபோது யார் மேல் இறுகியது? தலையில் துணியும் விரலில் கந்தையும் சுற்றிக்கொண்டு, வள்ளத்தில் போய், மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்துப் பிழைத்த பெண்கள் மேல் இறுகியது. பாறையை அழிக்கிறவர்கள் அவர்களே என்றார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, மற்ற நாள் பாசி வளர விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி நிறுவனம் பரிசு கொடுத்ததே, அது இந்தப் பெண்களின் கட்டுப்பாட்டுக்கும் போராட்டத்துக்கும் சேர்த்துக் கிடைத்த மரியாதை. கட்டுப்பாடு வைத்த நாளிலிருந்து, இத்தனை பேர் போனோம், இத்தனை மணி நேரம் பறித்தோம், இத்தனை கிலோ வந்தது என்று அவர்கள் கையிலேயே ஓர் ஏடும் சேர்ந்து வளர்ந்திருந்தால், எந்த அதிகாரி அவர்களை அழிவுக்காரிகள் என்று சொல்லத் துணிவார்?

கடல் அட்டைக்கு வருவோம். 2001இல் தடை வந்தது. இங்கே அட்டை எடுத்தால் ஜெயில். நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் லைசென்ஸோடு எடுக்கலாம். இங்கிருந்து களவாக அங்கே போய், அங்கிருந்து சட்டபூர்வமான சரக்காகக் கப்பலேறுகிறது என்று அடிக்கடி பத்திரிகையில் வழக்குகள் வருகின்றன. பிடிபடுகிறவன் கூலிக்குச் சுமந்தவன்; வியாபாரியின் பெயர் எப்போதாவதுதான் வெளியே வரும். தடையை நீக்கு என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். நீக்கினால் ஒரே வருஷத்தில் துடைத்துவிடுவார்கள் என்று இன்னொரு சாரார் அஞ்சுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தடை போட்ட இத்தனை வருஷத்தில் அட்டை பெருகியதா, குறைந்ததா? எந்தப் பாரில் பெருகியது? இதற்குப் பதில் இல்லாமல் தடையை நீக்குவதும் குருட்டு வேலை, அப்படியே வைத்திருப்பதும் குருட்டு வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதில் நம் வீட்டுப் பிழைப்பும் கலந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலில் வளரும் ஒரு பாசியை இங்கே கொண்டு வந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கம்பெனிக்காக வளர்க்க ஆரம்பித்தார்கள். 'பெப்சிப் பாசி' என்று நாம் அழைப்பது அதைத்தான். பல குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அதனால் கூலி கிடைக்கிறது. அதே பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்து மூடுகிறது என்று 2008இல் மதுரைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதன் மேல் வாக்குவாதம் ஓயவில்லை. இதற்கிடையே வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. கம்பெனி பாசியை வாங்கிப் போகும். விலை இறங்கினால் வேறு தேசத்தில் வாங்கும். பாறை மூடிப்போனால் இங்கேயே கிடக்கப் போகிறவர்கள் நாம். மிதவை எங்கே கட்டியிருக்கிறது, அறுந்த துண்டு எங்கே ஒதுங்குகிறது, எந்தப் பாரில் ஒட்டியிருக்கிறது என்று மாதம் ஒரு முறை பார்த்துவர, அதே மிதவையைக் கட்டுகிற பெண்களைவிடத் தகுந்த ஆள் வேறு யார்? ஒட்டியதைச் சிறிதாக இருக்கும்போதே பிய்த்து எடுத்தால் பாறையும் பிழைக்கும், பிழைப்பும் நிற்கும்.

வடக்கே எண்ணூரில் 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவியதே, நினைவிருக்கிறதா? மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதம் நிவாரணம் அறிவித்தார்கள். ஒரு கழிமுகத்தின் விலை குடும்பத்துக்கு 12,500 ரூபாயா? கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண் ஒரு பருவத்தில் எத்தனை கிலோ எடுத்தாள், எண்ணெய்க்குப் பிறகு எத்தனை மாதம் எத்தனை கிலோ குறைந்தது என்று ஊராரிடமே பல வருஷத்துத் தினக் குறிப்பு இருந்தால், அந்தப் பேரம் வேறு மாதிரி நடக்கும். தூத்துக்குடிக் கரையில் அனல் நிலையமும் துறைமுகமும் இருக்கின்றன. எண்ணூர் எங்கோ இருக்கிறது என்று நாம் நினைக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஒவ்வொரு பஞ்சாயத்தும் நகராட்சியும் ஓர் உயிர்வள மேலாண்மைக் கமிட்டி அமைக்க வேண்டும் என்கிறது. 2004 விதிகள் தலைவரோடு ஆறு பேர் என்று வைத்தன. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்றன. ஊர் ஜனங்களைக் கலந்து மக்கள் உயிர்வளப் பதிவேடு எழுதுவது அந்தக் கமிட்டியின் முக்கிய வேலை. நல்ல சட்டம்தான். என்ன நடந்தது? பத்து வருஷத்துக்கு மேல் பெரும்பாலான இடங்களில் அசைவே இல்லை. 2016இல் ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். 2020 ஜனவரி 31க்குள் முடிக்காவிட்டால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் கெடு வைத்தது. உடனே நாடெங்கும் காகிதத்தில் கமிட்டிகள் முளைத்தன. இன்று தேசத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்டிகள் இருப்பதாகக் கணக்கு. உங்கள் ஊர்க் கமிட்டியில் யார் யார் உறுப்பினர் என்று இங்கே எத்தனை பேரால் சொல்ல முடியும்? (சபையில் சிரிப்பு.) 2023இல் சட்டத்தைத் திருத்தி, மீறியவர்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்து வெறும் அபராதம் ஆக்கிவிட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கோளாறு உண்டு. பஞ்சாயத்தின் எல்லை கரையோடு நின்றுவிடுகிறது. மீன் எல்லை பார்த்து நீந்துவதில்லை. நீவாடு ஊர் பார்த்து ஓடுவதில்லை. ஒவ்வோர் ஊரும் தன் கரையை மட்டும் எழுதினால் கடல் ஏட்டில் ஏறாது. ஆகவேதான் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்குமான வட்டார ஸ்தாபனம் வேண்டும் என்கிறோம். ஊர்க் கமிட்டிகளைத் தட்டி எழுப்பி வேலை வாங்குவது, அவற்றின் ஏடுகளை ஒன்றாகக் கோப்பது, விஞ்ஞானிகளையும் ஜனங்களையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது அதன் கடமை.

படிக்காதவர்கள் செய்யக்கூடிய காரியமா என்று கேட்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் கைத்தறி நெசவாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாராயக் கடையில் கூடி, பறித்துவந்த செடிகளை மேஜையில் பரப்பிப் பெயர் சொல்லிக் கற்றார்கள். ஜான் ஹார்ஸ்ஃபீல்டு என்ற நெசவாளி, செடிகளின் வகுப்புப் பட்டியலைத் தறிக் கம்பத்தில் ஒட்டிவைத்து நெய்துகொண்டே மனப்பாடம் செய்தார். அந்த நாட்டில் 1962இல் வெளியான தாவர வரைபட நூலில் தொண்டர்களின் உழைப்புப் பெரும் பங்கு. 1964இல் அதற்கென்றே ஒரு பதிவு நிலையமும் நிறுவினார்கள். தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, வறண்ட பருவத்தில் ஒரு முறை, மழைப் பருவத்தில் ஒரு முறை என்று பறவைகளை எண்ணினார்கள். 361 இனங்கள் ஏட்டில் ஏறின.

எப்படி எழுதுவது?

எண்ணுவது எளிது, ஒப்பிடக்கூடிய விதமாக எண்ணுவதுதான் கடினம். ஒரு வள்ளக்காரர் விடியற்காலை 5 மணிக்குப் போய் 7 மணிக்கெல்லாம் 20 கிலோ நண்டோடு திரும்புகிறார். ஐந்து வருஷம் கழித்து அதே ஆள் இரண்டு மடங்கு வலை போட்டு, மதியம் வரை நின்று, அதே 20 கிலோ கொண்டு வருகிறார். வியாபாரியின் கணக்குப்பிள்ளை இரண்டு நாளும் 20 என்றுதான் எழுதுவான். கடல் பாதிக்கு மேல் வற்றியிருக்கும். கணக்கு அசையாமல் நிற்கும். ஆகவே எத்தனை கிலோ என்பதோடு எத்தனை மணி, எத்தனை வலை, வலையின் கண் என்ன அளவு என்பதையும் எழுதாமல் விடக்கூடாது. ஒன்றுமே படாத நாளையும் எழுத வேண்டும். "இன்று ஒன்றும் இல்லை" என்று எழுத நம் ஆட்களுக்குக் கை வராது, வெட்கப்படுவார்கள். அந்தப் பூஜ்யத்துக்கும் கிலோவுக்குச் சமமான மதிப்பு உண்டு. தேதியோடு பிறையையும் எழுதுங்கள். காற்று வாடையா கச்சானா என்றும் எழுதுங்கள். பஞ்சமியில் படும் மீனையும் பௌர்ணமியில் படும் மீனையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் தகராறு வரும். ஒரே மீனுக்குக் கீழக்கரையில் ஒரு பெயர், வேம்பாரில் ஒரு பெயர். ஊர்ப் பெயரையே எழுதுங்கள். படம் ஒன்று எடுத்து வையுங்கள். விஞ்ஞானப் பெயரோடு சேர்த்துக் கட்டும் வேலையை மாணவர்களும் நிலையத்து விஞ்ஞானிகளும் செய்யட்டும்.

"நாமே எழுதிக் கொடுத்து நம் கழுத்துக்கே கத்தி கொடுப்பதா?" என்று ஒரு பெரியவர் நேற்று என்னிடம் கேட்டார். நியாயமான பயம். அட்டை எங்கே, சங்கு எங்கே என்று ஊரறிய எழுதினால் களவுக்காரனும் கம்பெனிக்காரனும் முதலில் வருவான். ஆகவே மூல ஏடு ஊரிலேயே இருக்கும். பாரின் சரியான இடம் வெளியே போகாது. வட்டாரத்தின் கூட்டுக் கணக்குதான் போகும். எதை வெளியிடுவது என்று ஊர்க் கூட்டம் தீர்மானிக்கும். ஆனால் ஒன்று: நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதுவோம் என்றால் அந்த ஏட்டை அடுப்பில் போடலாம். சுருக்கு மடியையும், வெடியையும், இரட்டை மடியையும் நம் ஆட்கள் பயன்படுத்தினால் அதுவும் ஏற வேண்டும். விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் நம் ஆள்தான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த ஏடு அல்ல. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று சண்டைக்குப் பிறகு சமாதானமாகப் பிரித்துக்கொண்ட ஜனங்கள் நாம். சரியான கணக்கு இருந்தால் அடுத்த சமாதானம் இன்னும் சீக்கிரம் வரும்.

பணம்? கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதி என்று நீட்டுவார்கள். கழிவைக் கடலில் விடுகிறவனிடமே கூலி வாங்கிக்கொண்டு கழிவை எண்ணுவது நடக்கிற காரியமா? உறுப்பினர் சந்தா, சங்கங்களின் பங்கு, பஞ்சாயத்திடம் கேட்டு வாங்க வேண்டிய உயிர்வள நிதி, இவைதான் அடிப்படை. கல்லூரிகள் நீர் சோதிக்கும் கருவியைத் தரலாம், யோசனை தரலாம், தீர்மானம் நம்முடையது.

தற்காலிகக் கமிட்டிக்கு 11 பேர் என்று யோசித்திருக்கிறோம்: பாசிப் பெண்கள் நாலு பேர், நாட்டுப்படகு மூன்று, விசைப்படகுத் தொழிலாளி ஒருவர், சங்குக் குளிப்பவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர். பெயர்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே முன்மொழியுங்கள். முதல் ஆறு மாதம் நண்டு, பாசி, கரை ஒதுங்கும் ஆமையும் ஆவுளியாவும் என்று மூன்றை மட்டும் எழுதினால் போதும். எல்லாவற்றையும் எழுதப் புறப்பட்டால் ஒன்றும் எழுத மாட்டோம். நோட்டுப் புத்தகங்கள் வாசலில் மேஜை மேல் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் பொறுப்பாளர் பெயரும் கொடுத்துவிட்டு ஊருக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். வருகிற அமாவாசையன்று முதல் வரியை எழுதத் தொடங்குகிறோம். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் மண்டபத்தில் எல்லா ஏடுகளையும் பிரித்துப் பார்க்கிறோம்.